டெம்பர் ஒட்டலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வெறும் மேனியாக நிற்கக் கூடாது என்பது என் மாமியாரின் கொள்கை. டி.வி. ரிமோட் பாலித்தீன் உறைக்குள் ரப்பர் பேண்டு கட்டிக்கொண்டு கிடக்கும். வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட, ஜிப் வைத்த அங்கி. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு வெல்வெட் உறை. உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன்மேல் மாமனாரின் பழைய கைக்குட்டை ஒன்று. மைக்ரோவேவ் கதவில் கம்பெனிக்காரர்கள் ஒட்டி அனுப்பிய நீலப் படலத்தை இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே எந்தப் பதார்த்தம் சுற்றினாலும் எங்களுக்கு நீலமாகத்தான் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில், புதிதாக வாங்கிய டேப்லெட்டுக்கு, அதாவது டேப்புக்கு, டெம்பர் கண்ணாடி ஒட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. எழுந்தது. எழுப்பியவர் அந்தக் கொள்கையின் நிழலிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர்.

“முப்பதாயிரம் கொடுத்து நல்ல டிஸ்ப்ளே வேணும்னு வாங்கறோம். அதுமேல முன்னூறு ரூபாய் கண்ணாடிய ஒட்டிட்டா, அப்புறம் காலம் பூரா நாம தொடறதும் பாக்கறதும் அந்த முன்னூறு ரூபாயத்தானே?” என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மாமியார் பூண்டு உரிப்பதை நிறுத்தாமல், “கார் வாங்கினப்ப சீட்டு மேல இருந்த பாலித்தீன எப்படா பிரிச்ச?” என்று மட்டும் கேட்டார். கணவர் அந்தக் கேள்வியை விசாரணைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதைப் பிரிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் அது தானாகவே என் புடவையோடு ஒட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டது.

போனுக்கு இந்த விவாதமே கிடையாது. பில் போடுவதற்கு முன்பே, “டெம்பர் போட்டுடலாமா மேடம்?” என்று கேட்டு, நாம் யோசிப்பதற்குள் ஒட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். போன் பையில் சாவியோடும் சில்லறையோடும் குடித்தனம் நடத்துகிறது. பஸ் படிக்கட்டில், லிஃப்டில், குழாயடியில் என்று நினைத்த இடத்தில் விழுகிறது. டேப் அப்படியல்ல. அது வீட்டோடு இருக்கும் பிராணி. மடி, மேஜை, மெத்தை, இவற்றைத் தாண்டி அதற்கு உலகம் இல்லை. அதனால் அதற்கு ஆபத்தே இல்லை என்பது கணவர் கட்சி. வீட்டோடு இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது மாமியார் கட்சி. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள் என்ற முறையில் நான் இதில் வாய் திறக்கவில்லை.

எங்கள் டேப்புக்கு நான்கு எஜமானர்கள். காலையில் கணவர் பேப்பர் படிப்பார். பதினொரு மணிக்கு மேல் மாமியார் உபன்யாசம் கேட்பார். அதில் பாவம் தொலைந்ததும், மத்தியானம் விட்டுப்போன சீரியல். சாயங்காலம் எட்டாவது படிக்கும் என் மகன், அதற்கென்றே வாங்கிய பேனாவை வைத்துக்கொண்டு படம் வரைவான். கேட்டால் ப்ராஜெக்ட் என்பான். ராத்திரி சமையல் மேடையில் மிளகாய்ப்பொடி டப்பாமேல் சாய்த்து வைத்து நான் ஏதாவது பார்ப்பேன். ஒரே திரைமேல் மஞ்சள் விரல், விபூதி விரல், சிப்ஸ் விரல், நியூஸ் பிரிண்ட் படியாத ஏக்கத்தில் எச்சில் தொட்டுப் புரட்டப் பார்க்கும் விரல், எல்லாம் படும்.

கணவர் எந்த விஷயத்தையும் அரைகுறையாக விடுகிறவர் அல்ல. யூடியூபில் போன்களைச் சித்திரவதை செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஊசியால் கீறுவது, லைட்டரால் சுடுவது, இரண்டு கையாலும் பிடித்து வளைப்பது என்று மூன்றாம் தர விசாரணை நடக்கும். இதையெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, மறுநாள் சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு வகுப்பு எடுப்பார்.

முதல் வகுப்பு கார்னிங் கம்பெனி. நியூயார்க் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரில் இருக்கும் பழைய கண்ணாடி கம்பெனி அது. எடிசன் பல்புக்கே குமிழி ஊதிக் கொடுத்தவர்கள். 1960களில் லேசில் உடையாத ஒரு கண்ணாடியைச் செய்து, கெம்கோர் என்று பெயரும் வைத்தார்கள். செய்தார்களே தவிர, பெரிதாக வாங்குவதற்கு ஆள் இல்லை. எடுத்துக் கட்டி வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து சேர்ந்தார். 2007 ஜனவரியில் ஐபோனை மேடையில் காட்டியபோது அதற்கு பிளாஸ்டிக் திரை. பையில் சாவியோடு போட்டு எடுத்தால் கோடு விழுகிறது என்று அவருக்கு ஆத்திரம். கண்ணாடிதான் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்றார். கென்டக்கியில் ஹாரட்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த கார்னிங் தொழிற்சாலையை அவசர அவசரமாக இதற்குத் திருப்பினார்கள். ஜூன் கடைசியில் போன் கடைக்கு வந்தபோது மேலே கண்ணாடி இருந்தது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது.

“அதுல என்னடா விசேஷம்? நம்ம பூஜை ரூம் படத்துக்குப் போட்டிருக்கறதும் கண்ணாடிதானே?” என்றார் மாமியார்.

விசேஷம் இருக்கிறது. கண்ணாடிக்குள் சோடியம் அயனிகள் இருக்கின்றன. சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்புக் குளியலில் அதை முக்கி வைத்தால், மேல்பரப்பில் இருக்கும் சோடியம் வெளியேறி, அந்த இடத்தில் பொட்டாசியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொட்டாசியம் அளவில் பெரிது. 29சி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒல்லியானவர் எழுந்து போய், பருமனானவர் வந்து உட்கார்ந்தால், ஜன்னலோரத்து ஆள் எப்படி மூச்சுப் பிடித்து இறுகிப்போவார்? கண்ணாடியின் மேல்தோல் முழுக்க அந்த இறுக்கத்தில் இருக்கிறது. விரிசல் உள்ளே புக வேண்டுமானால் அவர்கள் இடம் விட்டால்தான் உண்டு. விட மாட்டார்கள். பஸ் உதாரணம் என்னுடையது. கணவர் வெறும் அயனியோடு நிறுத்தியிருந்தார்.

“இவ்வளவு கஷ்டப்பட்டு இறுக்கின கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி எதுக்குங்கறேன்?” என்று முடித்தார்.

“இவ்வளவு ஒசத்தின்னா அதைக் காப்பாத்தித்தானே வெச்சுக்கணும்?” என்றார் மாமியார்.

ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

இரண்டாவது வகுப்புதான் எங்கள் குடும்பத்தைப் பிற்பாடு ஆட்டிவைத்தது. கண்ணாடி உடைவது வேறு, கீறல் விழுவது வேறு. உடையாத கண்ணாடிமேலும் கீறல் விழும். எது எதைக் கீறும் என்பதற்கு 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு வரிசை போட்டு வைத்தார். பத்துக் கனிமங்கள். ஒன்றாவது டால்க், பெயரைக் கேட்டாலே தெரியும், முகப் பவுடரின் மூலக்கல். பத்தாவது வைரம். மேலே நிற்பது கீழே நிற்பதைக் கீறும். கீழே நிற்பது மேலே நிற்பதை ஒன்றும் செய்ய முடியாது. நகம் இரண்டரை. இரும்புக் கத்தி ஐந்தரை. கண்ணாடி ஐந்தரையிலிருந்து ஆறு, இறுக்கிய கண்ணாடி அதற்குக் கொஞ்சம் மேலே. குவார்ட்ஸ் ஏழு.

“குவார்ட்ஸ்னா வேற ஒண்ணும் இல்ல. மெரினாவுல கால்ல ஒட்டிக்கிட்டு வருதே, அந்த மணல்” என்றார்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆணியில் மாட்டியிருந்த வாசற்கதவின் பித்தளைச் சாவியை எடுத்துவந்து, புது டேப்பின் திரைமேல் வைத்து, கரகரவென்று ஒரு இழுப்பு இழுத்தார். மாமியார் “முருகா!” என்று கண்ணை மூடிக்கொண்டார். திரையில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. கணவர் பனியன் நுனியால் அதைத் துடைத்தார், கோடு போய்விட்டது. தேய்ந்தது சாவி, கண்ணாடி அல்ல. கண்ணாடிமேல் இருந்தது பித்தளைப் பொடி. மாமியார் கண்ணைத் திறந்தபோது திரை பளிங்காக இருந்தது. அதை முருகன் செயலாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து என் சமையலறை எனக்கு நம்பர் நம்பராகத் தெரிய ஆரம்பித்தது. கல்லுப்பு இரண்டரை. கத்தி ஐந்தரை. மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி எல்லாம் மோஸ் மாமா கணக்கிலேயே வராது. பீங்கான் ஜாடியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன். மேடைதான் வில்லன். சாம்பலும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட கிரானைட்; அந்தப் புள்ளிகளுக்குள் குவார்ட்ஸ் இருக்கிறது. டேப்பைக் குப்புறப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது கதை. பதினைந்து வருஷமாக நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்கும் மேடை இப்படிப்பட்டது என்று யார் கண்டது?

சரி, கடைக்குப் போய் விலையாவது கேட்டுவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாக ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒற்றை ரெசிஸ்டரிலிருந்து முழு கம்ப்யூட்டர் வரை கிடைக்கும் தெரு. ஒரு கடைக்கு முன்னால் மேஜை போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. பின்னால் நூற்றுக்கணக்கில் அட்டை உறைகள் தொங்கின: 11டி, 21டி, ஓஜி, மேட், பிரைவசி.

“21டின்னா என்னப்பா?” என்றார் கணவர்.

“எட்ஜ் டு எட்ஜ் வரும் சார்.”

“11டி?”

“அதுவும் எட்ஜ் டு எட்ஜ்தான் சார். இது கொஞ்சம் சூப்பரா இருக்கும்.”

நீளம், அகலம், உயரம், அதோடு காலம் என்று ஐன்ஸ்டைன் நாலு டியோடு நிறுத்திக்கொண்டார். எம் கோட்பாடு பேசுகிற இயற்பியல் மேதைகள் தலையைப் பிய்த்துக்கொண்டு பதினொன்றுக்கு வந்திருக்கிறார்கள். ரிச்சி தெரு இருபத்தொன்றில் இருக்கிறது, விலை நூற்றைம்பது.

எல்லா அட்டையிலும் பொன்னெழுத்தில் ‘9எச்’ என்று இருந்தது. அது என்ன என்று கேட்டதுதான் தாமதம், பையன் உற்சாகமாகிவிட்டான். “ஹார்ட்னஸ் சார். வைரம் பத்து, இது ஒன்பது. அதுக்கு அடுத்து இதான்.”

மோஸ் வரிசையில் ஒன்பதாவது இடம் மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் உரியது. நூற்றைம்பது ரூபாய்க்கு மாணிக்கப் பாளம் ஒட்டிக் கொடுக்கிறான் என்றால் ஜி.ஆர்.டி. நகைக்கடையில் ஏன் கூட்டம் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மகன்தான் மெதுவாக, “எச்னா பென்சில்தானே?” என்றான். டிராயிங் கிளாஸுக்கு அவனுக்கு ஒரு டப்பா பென்சில் வாங்கிக் கொடுத்திருந்தோம்: பி வரிசை மெத்து, எச் வரிசை கெட்டி.

பையன் சொன்னது, என் பையன் சொன்னது, சரி. பெயிண்ட், வார்னிஷ் போன்ற பூச்சுகளைச் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. பென்சிலைச் சாய்வாகப் பிடித்து அழுத்தித் தள்ளுவார்கள். எந்த நம்பர் பென்சிலுக்குக் கீறல் விழுகிறதோ அதை வைத்து மதிப்பெண். அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9எச். அட்டையில் இருக்கும் 9எச்சுக்கு அர்த்தம், இருப்பதிலேயே கெட்டியான பென்சிலால் கிறுக்கினாலும் இது தாங்கும் என்பதுதான். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் தாங்கும். சோடா பாட்டிலும் தாங்கும்.

கணவர் இதை விளக்கினார். மேஜைக்காரப் பையன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை. “தம்பி சொல்றது கரெக்டா இருக்கும் சார். ஆனா பென்சில்னு சொன்னா யார் சார் வாங்குவா?”

அவனிடம் வேறொரு சித்தாந்தமும் இருந்தது. பேச்சுக்கு நடுவில் ஒரு அம்மாள், சுக்கல் சுக்கலாக உடைந்த டெம்பர் ஒட்டிய போனை நீட்டினார். அவன் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து அதை உரித்து, உள்ளே முழுசாக இருந்த திரையைக் காட்டி, “பாத்தீங்களாக்கா? இது உயிர விட்டு அதைக் காப்பாத்திருக்கு” என்றான். அடுத்து வந்தவர் போனில் டெம்பர் உடையவே இல்லை. “பாத்தீங்களா சார், நம்ம மால் எப்படி நிக்குதுன்னு?” என்றான். உடைந்தாலும் அவனுக்குப் பெருமை, உடையாவிட்டாலும் அவனுக்குப் பெருமை. விழுந்த அடியில் உள்கண்ணாடி தானாகவே தாங்கியிருக்கும் என்று நிரூபிக்க வேண்டுமென்றால், அந்த அம்மாள் டெம்பர் இல்லாமல் அதே மாடிப்படியில் அதே போனை மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்?

எங்கள் டேப்புக்கு அவனிடம் 450 ரூபாயில் கண்ணாடி இருந்தது. அங்கேயே எங்கள் கூட்டணியும் உடைந்தது. மகனுக்கு மேட் வேண்டும். வழவழ கண்ணாடியில் பேனா வழுக்குகிறதாம், மேட் போட்டால் காகிதத்தில் வரைவதுபோல இழுக்குமாம். இழுக்கும்தான், அந்த இழுப்பில் பேனா முனை சீக்கிரம் தேயும். மேட் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளைத் திரையெல்லாம் பொடி தூவினாற்போல் மினுமினுக்கும். தேய்ந்த முனைக்குப் புது முனை யார் வாங்குவது, உபன்யாசத்தில் பெருமாள் முகம் மங்கலாகத் தெரிகிறது என்றால் பாட்டிக்கு யார் பதில் சொல்வது என்றதும் மேட்டைக் கைவிட்டுவிட்டு, “அப்ப பிரைவசி கிளாஸ் போடலாம்மா” என்றான். பக்கத்தில் இருப்பவருக்குத் திரை கறுப்பாகத் தெரியும் கண்ணாடி அது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக்குள் எதற்கு அது? நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கோரிக்கை அப்போதே, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

கடைசியில் கணவர் 600 ரூபாய்க்கு மூலைகளில் ரப்பர் தடிப்பு வைத்த மடிப்பு உறை ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் கட்சியில் இந்த இடத்தில் எனக்கும் உடன்பாடுதான். டேப் விழுந்தால் பெரும்பாலும் மூலையில்தான் விழும். அடி சட்டத்தில் இறங்கி ஓரத்திலிருந்து கண்ணாடியைப் பிளக்கும். நடு நெற்றியில் ஒட்டிய 0.3 மில்லிமீட்டர் கண்ணாடி அதில் என்ன செய்ய முடியும்? உடைந்தால் என்ன செலவாகும் என்பதையும் சர்வீஸ் சென்டரில் விசாரித்து வைத்திருந்தார். விலை குறைந்த டேப்புகள் பலவற்றில் மேல்கண்ணாடி தனி, அடியில் டிஸ்ப்ளே தனி, நடுவில் கொஞ்சம் இடைவெளி. கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். எங்களுடையது உசத்தி ரகம். படம் கண்ணாடிமேலேயே எழுதினாற்போல் தெரிய வேண்டுமென்று எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். “கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூணும் ஒண்ணு சார். ஒண்ணு போனா மூணும் போச்சு” என்றாராம் அங்கே இருந்தவர். சொன்ன தொகை, டேப் விலையில் பாதிக்கு நெருக்கம். அதிகம் கொடுத்து வாங்கியவனுக்கு அதிகச் செலவு வைப்பதில் இந்த உலகத்துக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

உறை வந்ததும் வீடு அடங்கியது. கணவர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்திருந்தோம், அந்தக் கீறலைப் பார்க்கும்வரை.

காலை வெயில் பால்கனி வழியாகச் சாய்வாக விழும் நேரம். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், திரையை ஊதினார். மறுபடி ஊதினார். முடி என்று நினைத்து விரலால் தட்டினார். பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டினார். நகம் ஒரு இடத்தில் மெல்லத் தட்டியது. திரையின் இடது பக்கம், மேல்மூலைக்குக் கொஞ்சம் கீழே, அரை அங்குலத்துக்குப் பிறை வடிவில் ஒரு கோடு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தெரிந்தபிறகு வேறு எதுவும் தெரியாது.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. முதல் குற்றவாளி மகன். பேனாவைப் பரிசோதித்தார்கள், முனை பிளாஸ்டிக், கண்ணாடியிடம் அதன் பாச்சா பலிக்காது. விடுதலை. அடுத்தது நான், கிரானைட் சகிதம். டேப்பை நான் ஒரு நாளும் குப்புறப் போட்டதில்லை, மிளகாய்ப்பொடி டப்பா சாட்சி. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்கள். கணவரின் வாசற்சாவி வழக்கைக் கணவரே விசாரித்து, பித்தளை என்ற ஒரே காரணத்துக்காகக் கௌரவமாக விடுதலை செய்தார். எஞ்சியது மணல். மகன் கிரவுண்டிலிருந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். தூசியை ஊதாமல் யாராவது துண்டால் அழுத்தித் துடைத்திருக்கலாம். ஆனால் மணல் இப்படி அழகாகப் பிறை போடுமா? ஆள் சிக்கவில்லை. மாமியாரை யாரும் விசாரிக்கவில்லை. அவர் திரையை ஆள்காட்டி விரல் நுனியால், மாவு பதம் பார்க்கிறவர்போல் தொடுவாரே தவிர, அழுத்தக்கூட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நியூ ஜெர்சியிலிருந்து நாத்தனாரின் வீடியோ கால் வந்தது. மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து, “சொல்லுடி” என்றபடி, அந்தப் பதினோரு அங்குல டேப்பை இரண்டு கையாலும் தூக்கி, வலது காதில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, காதுதான் தெரியுது. மூஞ்சியக் காட்டு” என்று டேப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. இது ஒவ்வொரு வாரமும் நடப்பது. அமெரிக்கப் பேத்தி பாட்டியை அடையாளம் சொல்லச் சொன்னால் காதைத்தான் வரைவாள். நான் காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றேன். அந்தக் காதில் ஏழுகல் வைரத்தோடு. ப்ளூ ஜாகர், என் மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது. மகள் சொல்லச் சொல்ல மாமியார் “ம்… ம்…” என்று தலையாட்ட, தோடும் கண்ணாடிமேல் ம், ம் என்று ஆடியது. மேலே, கீழே, மேலே, கீழே. பிறை.

எதிர் நாற்காலியில் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. “பத்து” என்றார்.

மோஸ் வரிசையில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு படிதான் என்று நினைத்துவிடக் கூடாது. வைரம் மாணிக்கத்தைவிடச் சுமார் நாலு மடங்கு கடினம். வரிசை போட்டவர் இடைவெளியை அளக்கவில்லை, நிற்கிற ஒழுங்கை மட்டும் சொன்னார். அந்தப் பத்தில் ஏழு கல், ஒரு காதில். மறு காதில் இன்னொரு ஏழு. வீட்டில் மணலைத் தேடினோம், மேடையைச் சந்தேகப்பட்டோம். உலகத்திலேயே தலைசிறந்த கண்ணாடி வெட்டும் கருவி ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருந்தது.

தோட்டைக் கழற்றச் சொல்ல முடியாது. கண் ஆபரேஷனுக்கே கழற்றாதவர். டாக்டர் அதன்மேல் பிளாஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். கணவர் வேறு வழியாக வந்தார்.

“அம்மா, இதுல ஸ்பீக்கர் இருக்கு. காதுல வைக்க வேணாம். எதிர்ல வெச்சாலே கேக்கும்.”

“எதிர்ல வெச்சா எல்லாருக்கும் கேக்கும்டா. அப்புறம் அவகிட்ட ரகசியம் எப்படிப் பேசறது?”

ரகசியம் யாரைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர்கள் காதில் வைத்துப் பேசுவதே எனக்கும் நிம்மதி. ஹெட்போனுக்கும் சரிப்படவில்லை, அமுக்கினால் தோட்டின் திருகு பின்னால் குத்துகிறது. ஆக மிச்சம் இருந்த ஒரே வழி, ஒட்டுவது. டெம்பரும் கண்ணாடிதான், வைரம் அதையும் கீறும். ஆனால் கீறியதை 450 ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். இத்தனை வகுப்புக்கும் பிறகு அதற்கு மேல் அதில் எந்தத் தத்துவமும் இல்லை என்பதைக் கணவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பாவனையில் சட்டையை மாட்டினார்.

ரிச்சி தெருப் பையன் எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. மேஜை ஃபேனை நிறுத்தினான். டேப் பெரிது, போன்போல ஐந்து விநாடி வேலை இல்லை. ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தான். பிறகு நீல ஸ்டிக்கரைத் திரை முழுக்க ஒற்றி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு தூசியாகப் பிடித்தான். பிடித்ததை எங்களுக்கும் காட்டினான். “மூச்சு விடாதீங்க சார்” என்றான். மூன்று பேரும் விடவில்லை. கண்ணாடியின் அடித்தாளை உரித்து, இரண்டு ஓரத்தையும் விரல் நுனியில் ஏந்தி, கேமரா ஓட்டைக்கு நேர் பார்த்து, கீழே விட்டான். நடுவில் ஒரு விரலால் தொட்டதுதான். அந்த இடத்திலிருந்து ஒரு நிழல் கிளம்பி, காற்றைத் தள்ளிக்கொண்டு நாலாபக்கமும் தானாகவே பரவி ஓரம்வரை போய் நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். என்னைக் கேட்டால், 450 ரூபாயில் நானூறு அந்த நிழலுக்கே தகும்.

கீறலைக் காணோம். அடியில் இருக்கும் பசை மெல்லிய கீறலுக்குள் இறங்கி நிரம்பிவிடுகிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதற வழியில்லை. தடயம் இல்லாமல் வழக்கு முடிந்தது. சரியாக நடுவில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு தூசி மட்டும் மாட்டிக்கொண்டு, சுற்றி ஒரு குமிழியோடு உட்கார்ந்திருந்தது. “ரெண்டு நாள்ல போயிடும் சார்” என்றான் பையன். காற்றுக் குமிழிதான் போகும், தூசிக் குமிழி போகாது என்று கணவருக்குத் தெரியும். அவர் யூடியூபில் பார்த்திருக்கிறார். ஆனாலும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னோம். குற்றச்சாட்டாக இல்லாமல், விஞ்ஞானமாக. வைரம் எவ்வளவு கடினமானது, கண்ணாடி எவ்வளவு, தலையாட்டும்போது என்ன ஆகிறது, எல்லாம். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கை தன்னாலே காதுக்குப் போனது.

“அய்யய்யோ! என் தோட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

வைரத்தைக் கண்ணாடியால் ஒன்றும் செய்ய முடியாது என்று கணவர் டால்க்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எடுபடவில்லை. “இத்தனை நாளா அந்தக் கண்ணாடில இடிச்சிருக்கேன், நீங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே” என்ற ஒரே பல்லவி. சாயங்காலமே தி.நகருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. நகைக்கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பதினாலு கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தக் காலத்துச் சரக்கு என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, வலது காதுத் தோட்டின் திருகுதான் மரை தேய்ந்து லூஸாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எங்கேயாவது விழுந்திருக்கும் என்றார். டேப் இல்லையென்றால் இது தெரிந்திருக்குமா என்று வழியெல்லாம் மாமியார் அதன் பெருமையையே பேசிக்கொண்டு வந்தார். திருகு தங்கம். அதற்கான பில்லைக் கணவர் இன்னும் என்னிடம் காட்டவில்லை.